டிரைவர் பேருக்குக் கீழே ஒரு வரி

ராயபுரத்தில் நோயலைப் பற்றி யாரை விசாரித்தாலும் "தங்கமான பையன்" என்பார்கள். நாற்பத்தாறு வயசு ஆளைப் பையன் என்று சொல்வது எங்கள் ஏரியா வழக்கம், அதை விடுங்கள். அந்தத் தங்கம் என்கிற வார்த்தையைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஆள் குடிக்க மாட்டான். வம்புக்குப் போக மாட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் மணி அடிக்கும்போதே போய் உட்கார்ந்துவிடுவான். பொய் சொல்லவே மாட்டான். தோஸ்து டெரிக்கை அவன் கவிழ்த்த அன்றைக்கும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அவன் அப்பா தாமஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைச் சரிபார்க்கிற கிளார்க்காக இருந்தவர். மகனைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தார். நோயல் ஊரின் தென்கோடியில் ஒரு பெரிய கம்பெனியில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, "போதும்டா சாமி" என்று திரும்பி வந்து, கல்மண்டபம் பக்கத்தில் சொந்த வீட்டு மாடியிலேயே கடை போட்டான். கடை என்றால் அவனும், போனை எடுத்துப் பதில் சொல்ல அவன் மனைவி ஜானட்டும். அங்கே உட்கார்ந்து அவன் செய்த ஒரே சரக்கு 'நங்கூரம்'. கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள், பெட்டிகளை அடுக்கி வைக்கிற யார்டுக்குள் போவதற்கு கேட் பாஸ் போடுகிற இணையச் செயலி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இருபத்திரண்டு தனியார் யார்டுகள் அதை வாங்கியிருந்தன. யார்டு ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன் முன்னால் நோயல் செய்த பக்கம் திறந்திருக்கும். வந்து நிற்கிற டிரைவர்களின் பேர் அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். அதைப் பார்த்துத்தான் அவன் ஆளைக் கூப்பிடுவான்.

அந்தப் பக்கத்தின் மேல் நோயலுக்கு ஒரு கிறுக்கு. பேரும் வண்டி நம்பரும் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஆனால் எது எங்கே வர வேண்டும் என்கிற அச்சு மாறாது. டெம்ப்ளேட் என்பார்களே, அது. அதில் ஒரு கோடு இம்மி நகர்ந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. எழுத்து எவ்வளவு பெரிசு, இரண்டு பேருக்கு நடுவில் எவ்வளவு வெள்ளை என்று வாரக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வான். "யார்டுல உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?" என்று ஜானட் கேட்டால், "எனக்குத் தெரியுமில்ல" என்பான். நல்ல வேலைக்காரன்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை.

இப்போது டெரிக். நோயலும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. டெரிக்குக்குப் படிப்பு ஏறவில்லை என்று வாத்தியார்கள் சொன்னார்கள். எவ்வளவு தப்பாகச் சொன்னார்கள் என்பது பின்னால் தெரிந்தது. பதினாறு வருஷம் டிரெய்லர் ஓட்டினான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வரிசையாக வண்டிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சில சமயம் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள். இறங்கிக் குளிக்கப் போனால் இடம் போய்விடும். அப்படியே ஜன்னல் வரைக்கும் வந்து சேர்ந்தாலும் உள்ளே இருப்பவன் தெரிந்த ஆளைத்தான் முதலில் கூப்பிடுவான். கேட்டால், "யார் மொதல்ல வந்தாங்கன்னு எனக்கு எப்டிப்பா தெரியும்?" என்று கையை விரிப்பான். டெரிக் பதினாறு வருஷம் இதைத் தின்றவன். கடைசியில் முதுகில் டிஸ்க் நகர்ந்து, இனி ஸ்டீயரிங் பக்கமே போகாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் சும்மா கிடந்தவன் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டான். நோயல் முதலில் சிரித்தான். நாலு மாசம் கழித்து டெரிக் எழுதியதைக் காட்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. 'முறை' என்று அதற்குப் பேர் வைத்திருந்தான். டிரைவர் வரிசையில் வந்து நின்றதும் போனில் ஒரு பொத்தானை அழுத்துவான். அந்த நேரம் பதிவாகிவிடும். அது யார்டு ஜன்னலில், நங்கூரம் பக்கத்தில், அந்த டிரைவர் பேருக்குக் கீழேயே தெரிய வேண்டும்: 'வரிசையில் 41 மணி நேரம்'. அப்புறம் எவனும் தெரியாது என்று கையை விரிக்க முடியாது. ஒருவன் செய்த செயலியில் வேறொருவன் செய்ததைப் பொருத்தும் இந்த மாதிரி ஒட்டுக்கு பிளக்-இன் என்று பேர்.

"மாமு, டிரைவர் பேருக்குக் கீழ ஒரே ஒரு வரி," என்று டெரிக் கேட்டான். "எடத்த மட்டும் வுட்டு, அதுக்கு ஒரு பேரு வெச்சிக் குடு. உன் பக்கத்த நீ எப்டி வேணா மாத்திக்கோ, அந்தப் பேர மட்டும் மாத்தாத. எந்த டிரைவரோட எடம்னு அவன் நம்பரயும் கூடவே குடுத்துடு. நான் அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டு, என் வரிய அங்க குந்த வெச்சிக்கிறேன். உன் பக்கத்துல வேற எதயும் நான் தொடமாட்டேன்."

பெரிய பெரிய புஸ்தகம் எழுதுகிறவர்கள் சுற்றி வளைத்துச் சொல்லும் விஷயத்தை அந்த டிரைவர் நாலு வரியில் சொல்லிவிட்டான். நோயலுக்கும் அது புரிந்தது. புரிந்துதான் மறுத்தான்.

"இன்னிக்கு ஒனக்கு எடம் வுட்டா, நாளைக்கு டயர் கடைக்காரன் வெளம்பரம் போட வருவான் மாமு. பக்கம் கலீஜாயிடும்."

"வரட்டுமே. அவனுக்கு ஒரு எடத்தக் காட்டு, அவன் அங்க குந்துவான். எடமே வுடலன்னாதான் கண்ட எடத்துல ஏறிக் குந்துவான்."

"சரி, பாக்கலாம் மாமு."

தோஸ்துகள் நடுவில் எழுதி வாங்குகிற பழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. பாக்கலாம் என்று சொன்னால் காத்திருப்பதுதான் மரியாதை. டெரிக் மூன்று மாசம் காத்திருந்தான். அதற்கு மேல் டிரைவர்கள் அவனை நச்சரிக்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் அவன் பக்கத்தில் வருகிற வரிகளை எண்ண ஆரம்பித்தான். முதல் வரி முதல் டிரைவர், இரண்டாவது வரி இரண்டாவது டிரைவர். எண்ணிக்கொண்டே போய், ஒவ்வொரு வரியின் கீழும் அந்தந்த ஆளின் நேரத்தை ஒட்டினான். ஒளிவு மறைவு இல்லை, நோயலிடம் வந்து சொன்னான். நோயல் பார்த்துவிட்டு, "திருட்டு வேலைதான், ஆனா ஓடுது. உடைஞ்சா என்ன கேக்காத," என்று முதுகில் தட்டினான். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் நோயலுக்கு உடம்பு கூசுகிறது.

ஒன்றே கால் வருஷம் 'முறை' ஓடியது. டிரைவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் குளித்தார்கள், தூங்கினார்கள். யார் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்று ஜன்னலில் தெரிந்தது, கூப்பிடுகிறவனுக்கு வேறு வழியில்லை. தேரடி டீக்கடையில் டெரிக் போய் நின்றால் நாலு பேர் எழுந்து இடம் கொடுப்பார்கள். "டெரிக் சார்" என்பார்கள். ஸ்கூலில் முட்டி போட்டவனுக்கு சார் பட்டம்! அவன் மனைவி சாண்ட்ராவுக்கு அதில் ஒரே பெருமை. டிரைவர்கள் தன்னை நம்புகிறார்கள் என்கிற அந்த ஒன்றுதான் முதுகு போன பிறகு டெரிக்குக்கு மிச்சம் இருந்த சொத்து.

அந்த வருஷம் திருவிழா வந்தது. எங்கள் கோயில் கொடியேற்றத்தன்றைக்குப் புதுசு எதையாவது தொடங்குவது ராயபுரத்தில் வழக்கம். புது வலையை அன்றைக்குத்தான் இறக்குவார்கள், புது ஆட்டோவை அன்றைக்குத்தான் எடுப்பார்கள். ஃபாதர் மந்திரித்துத் தண்ணீர் தெளிப்பார். நோயல் ஏழெட்டு மாசமாக நங்கூரத்தின் பக்கத்தைப் புதுசாகச் செதுக்கிக்கொண்டிருந்தான். அதையும் கொடியேற்றத்தன்றைக்கே எல்லா யார்டுக்கும் விட்டுவிட வேண்டும் என்று நேர்ந்துகொண்ட மாதிரி இருந்தான். வேறு ஊர்க்காரன் என்றால் ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்து, ஒரு யார்டில் மட்டும் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பான். நம்ம ஆளுக்குக் கொடியேற்றம்! காலையில் லேப்டாப்பைக் கோயிலுக்கே தூக்கிக்கொண்டு போனான். தண்ணீர் உள்ளே போய்விடுமே என்று ஜானட் கீபோர்டு மேல் கர்ச்சீப் விரித்துப் பிடித்துக்கொள்ள, ஃபாதர் மந்திரித்தார். நோயல் அங்கேயே பொத்தானைத் தட்டினான். இருபத்திரண்டு யார்டிலும் பக்கம் மாறியது.

கொடியைத் தூக்கிக்கொண்டு போகிற கூட்டத்தில் டெரிக் அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான். ஒரே கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மாமு, லேப்டாப்ப எத்துக்கினு வந்துகீற?"

"சாயங்காலம் வூட்டுக்கு வா, காட்றேன்."

அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது கதை. பக்கத்தை மாத்தியிருக்கேன்டா, உன்னுடையது ஓடுதான்னு பாருடா என்றிருந்தால், டெரிக் பத்து நிமிஷத்தில் சரி செய்திருப்பான். நோயல் கெட்ட எண்ணத்தில் மறைக்கவில்லை. தோஸ்து புதுப் பக்கத்தைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான், அவ்வளவுதான். ஆசையில் மண்ணள்ளிப் போட!

புதுப் பக்கத்தில் நோயல் மாற்றியதில் முக்கால்வாசி அழகுக்கு. ஒன்றே ஒன்று வேறு. குளிரூட்டிய கண்டெய்னர் ஏற்றி வந்த வண்டிகளைத் தனியாகக் காட்டுவதற்கு, பேர்களுக்கு மேலே ஒரு தலைப்பு வரி சேர்த்திருந்தான். ஒரு வரி. டெரிக்கின் புரோகிராம் அந்தத் தலைப்பையும் ஒரு டிரைவர் என்று எண்ணியது. முதல் ஆளின் நேரம் தலைப்புக்குக் கீழே போய் உட்கார்ந்தது. இரண்டாவது ஆளின் நேரம் முதல் ஆளுக்குப் போனது. அப்படியே கடைசி வரைக்கும் ஒவ்வொருவன் நேரமும் அடுத்தவன் பேரில். நின்றாவது போயிருந்தால் யாராவது போன் செய்திருப்பார்கள். நிற்கவில்லை, ஜம்மென்று ஓடியது. ஐம்பத்திரண்டு மணி நேரம் நின்றவனுக்கு இரண்டு மணி என்றும், அப்போதுதான் வந்தவனுக்கு நாற்பது மணி என்றும் காட்டிக்கொண்டு மத்தியானம் வரை ஓடியது. ஜன்னலில் இருந்தவர்கள் பக்கத்தை நம்பிக் கூப்பிட்டார்கள். டெரிக்கின் போன் சட்டைப் பையில் ஊமையாகக் கிடந்தது, கோயிலில் இருக்கிறானே.

அந்த ஐம்பத்திரண்டு மணி நேரக்காரன் அப்துல் வஹாப். டிரைவர்கள் சங்கத்துச் செயலாளர். ஒரு காலத்தில் டெரிக்கோடு ஒரே கம்பெனியில் ஓட்டியவர். நேற்று வந்தவனெல்லாம் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்ற மனுஷனுக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு நேராகக் கோயில் தெருவுக்கே வந்துவிட்டார். கொடி ஏறி, கூட்டம் கலையாத நேரம். சாண்ட்ரா பக்கத்தில் நிற்க, ஊரே பார்க்க, டெரிக் கன்னத்தில் ஒரு அறை விட்டார்.

"முறைய வித்துட்டியாடா? எவன்கிட்ட இன்னாடா வாங்கினு எங்கள நடுரோட்ல நிக்க வெச்ச?"

டெரிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தான். பக்கத்தைப் பார்த்தான். அப்புறம் திரும்பி நோயலைப் பார்த்தான். நோயலுக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் திருவொற்றியூரில் சங்கத்துக் கட்டிடத்தில் கூட்டம். எண்பது டிரைவர்கள் இருப்பார்கள். யார்டு மேனேஜர்கள் இரண்டு பேர் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டெரிக் முதுகு வலியோடு நின்றுகொண்டிருந்தான். யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை.

வஹாப் நோயலைக் கேட்டார். "நோயலு, நீ படிச்சவன். நீ சொன்னா கேட்டுக்கறோம். கோளாறு உன் பக்கத்துலயா, இவன் புரோகிராம்லயா?"

நோயல் மேனேஜர்களைப் பார்த்தான். இருபத்திரண்டு யார்டு. ஜானட். பிள்ளைகள் படிப்பு. "எங்க பக்கத்துல எந்தத் தப்பும் இல்ல," என்றான். "அவரோட புரோகிராம்தான் தப்பா எண்ணிடுச்சு."

சத்தியமான வார்த்தை! பக்கம் சரியாகத்தான் இருந்தது. தப்பாக எண்ணியது டெரிக்கின் புரோகிராம்தான். ஏன் எண்ண வேண்டியிருந்தது, யார் இடம் விடாததால் எண்ண வேண்டியிருந்தது என்று எவனும் கேட்கவில்லை, நோயலும் சொல்லவில்லை. டெரிக் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு இருபத்திரண்டு யார்டிலிருந்தும் 'முறை'யைத் தானே எடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்த நோயலிடம் ஜானட் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நாப்பது வருஷ தோஸ்த்த 'அவரு'ன்னியாமே?"

டெரிக்கும் சாண்ட்ராவும் வீட்டைக் காலி செய்துகொண்டு மணலி புதுநகர் போனார்கள். நோயல் போன் செய்தால் எடுப்பான், நல்லா இருக்கேன் மாமு என்பான், வைத்துவிடுவான். நேரில் போய்ப் பேச நோயலுக்குத் தைரியம் வரவில்லை. இன்றைக்குப் போகலாம், ஞாயிறு போகலாம் என்று இரண்டு வருஷத்தை ஓட்டினான்.

இந்த வருஷம் ஒரு பெரிய கப்பல் கம்பெனியிலிருந்து நங்கூரத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் கண்டெய்னர் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற பிளக்-இன் ஒன்று வைத்திருக்கிறோம், உங்கள் பக்கத்தில் அதற்கு இடம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். நோயல் ஒரே வாரத்தில் செய்து கொடுத்தான். பக்கத்தில் ஏழு இடம் விட்டான். ஏழுக்கும் பேர் வைத்தான். என்ன மாறினாலும் இந்தப் பேர்கள் மாறாது என்று எழுதிக் கையெழுத்துப் போடாத குறை. எப்படிப் பொருத்துவது என்று விளக்கமும் எழுதினான். டிரைவர் பேருக்குக் கீழே வருகிற இடத்துக்கு உதாரணமாக ஏதாவது ஒரு வரி வேண்டுமே, கை தானாக 'வரிசையில் 41 மணி நேரம்' என்று தட்டியது. காப்பி கொண்டுவந்த ஜானட் அதைப் படித்தாள்.

"கம்பெனிக்காரன் கேட்டா ஒரு வாரம். அவன் கேட்டப்ப இந்த எடம் எங்க போச்சு?"

அன்றைக்குத்தான் நோயல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மணலி புதுநகர் போனான். டெரிக் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. உள்ளே போகிற வண்டி நம்பரை ஒரு நோட்டில் பேனாவால் எழுதுகிற வேலை. நோயலைப் பார்த்ததும், "வா மாமு, குந்து," என்று தன் நாற்காலியைத் தள்ளினான். கோபமே இல்லை. நோயல் பக்கத்தைக் காட்டினான். டெரிக் குனிந்து முழுசும் படித்தான்.

"ஒரே எடத்துக்கு ரெண்டு பேரு வந்தா?"

"யாரு மொதல்லன்னு யார்டுக்காரனே வெச்சிக்கலாம்."

"ஒரு பிளக்-இன் படுத்துகிச்சின்னா, பக்கம் நிக்குமா?"

"நிக்கும் மாமு. அதோட எடம் மட்டும் காலியா தெரியும்."

"ஷோக்கா பண்ணிகீற," என்றான் டெரிக். மனசாரச் சொன்னான், அதுதான் நோயலைக் கொன்றது.

"வா மாமு. 'முறை'ய திரும்பப் போடலாம். சங்கத்துல நான் வந்து பேசறேன்."

"வேணாம் மாமு. வண்டி வந்துகீது பாரு." முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நோட்டோடு போனான்.

நோயல் அங்கிருந்து நேராகத் திருவொற்றியூர் வந்தான். சங்கத்தில் வஹாப் மட்டும் உட்கார்ந்திருந்தார். நோயல் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். டெரிக் இடம் கேட்டது, தான் கொடுக்காதது, சொல்லாமல் பக்கத்தை மாற்றியது, கூட்டத்தில் முழுசாகச் சொல்லாமல் தப்பித்தது.

வஹாப் முழுசும் கேட்டுவிட்டு, "தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"அடுத்த வாரமே தெரியும். டெரிக்கு வந்து பழைய பக்கத்தயும் புதுப் பக்கத்தயும் என்கிட்ட காட்னான். நீ சேத்த அந்த ஒரு வரியத் தொட்டுக் காட்னான். நான் செருப்பால அடிச்சிக்காத கொறைதான். எல்லாரயும் கூட்டி சொல்லிட்றேன்டான்னேன். என் கையப் புடிச்சிக்கினான். 'வேணாம் பாய், மேனேஜருங்க காதுக்குப் போனா நோயலுக்கு யார்டெல்லாம் பூடும், அவனுக்கு வேற பொயப்பு தெரியாது'ன்னான்."

வஹாப் அதோடு நிறுத்தவில்லை.

"சரிடா, திரும்பவாச்சும் போடுன்னு எவ்ளோ கெஞ்சினேன். 'அவனுக்கு இஷ்டமில்லாம அவன் பக்கத்துல கை வெச்சேன் பாய், அதான் என் தப்பு, இனிமே வெக்கமாட்டேன்'னுட்டான். நான் ஆளுங்ககிட்ட மிஷின் கோளாறுன்னு சொல்லிப் பாத்தேன். எவனும் நம்பல. நோயலே சொல்ட்டாரு, அவரு படிச்சவருன்னாங்க. இன்னிக்கும் அவன் முறைய வித்தவன்தான் அவங்களுக்கு."

"அவன் மேல தப்பே இல்ல பாய்," என்றான் நோயல். "எல்லாம் என்னாலதான்."

வஹாப் காலியாகக் கிடந்த நாற்காலிகளைக் கையால் காட்டினார்.

"அன்னிக்கு இங்க எம்பது பேரு குந்தினு இருந்தாங்க நோயலு. இன்னிக்கு நான் ஒருத்தன்தான் கீறேன்."